நாயனம் ரெண்டரை கட்டை, அடாசிட்டில மட்டும் எந்தக் கட்டையிலயும் இல்ல - தெரிஞ்சவங்க கொஞ்சம் பாருங்க

தாமுவே டோலக்

எல்லாருக்கும் வணக்கம். யாங்கோன்ல தாமுவே பக்கம் இருந்து எழுதறேன். விபிஎன் போட்டுத்தான் உள்ள வர்றேன், அதனால பதில் லேட்டாகும், கரண்ட் போனா இன்னும் லேட்டாகும், கோச்சுக்காதீங்க.

எங்க சித்தப்பா பங்குனி உத்திரத்துக்கு காவடிப்பாட்டு பாடறவர். வயசு 67, தொண்டை இன்னும் அப்படியே இருக்கு, ஆனா அடுத்த வருஷமும் இருக்கும்னு யாரு சொல்றது, அதனால இந்தத் தடவை ஒழுங்கா ரெக்கார்டிங் பண்ணி வச்சிடணும்னு வீட்ல முடிவாச்சு. நாயனக்காரர் வாசிச்சதை கோயில்லயே என் போன்ல தனியா எடுத்துட்டேன், தவில் இல்ல, நாயனமும் சுருதிப்பெட்டியும் மட்டும். அதை லேப்டாப்ல போட்டு அதுமேல சித்தப்பா பாடணும், அப்புறம் நான் டோலக் வாசிக்கணும். இதான் திட்டம்.

அடாசிட்டி (லேப்டாப்ல ரெக்கார்டிங் பண்ற இலவச சாப்ட்வேர்) போட்டேன். முதல்ல போன் ஃபைலையே திறக்க மாட்டேன்னுச்சு, எம்ஃபோர்ஏ ஃபைலாம், எஃப்எஃப்எம்பெக்னு ஒன்னு தனியா போடச் சொல்லுச்சு, அதைத் தேடிப் போடவே ஒரு சாயங்காலம் போச்சு. இப்போ திறக்குது. ஆனா மூணு பிரச்சனை:

நாயனம் என்னமோ தூங்கி வழியற மாதிரி கேக்குது. சித்தப்பா ஆர்மோனியத்தை வச்சுக்கிட்டு சுருதி பிடிக்கப் பாக்கறார், நிக்கல.

அவர் பாடினதை திரும்பப் போட்டா நாயனம் முன்னாடி போகுது, குரல் பின்னாடி ஓடி வருது.

கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது "ங்ங்ங்ங்"னு ஒரு சத்தம் விடாம இருக்கு.

லேப்டாப் 6 வருஷம் பழசு, 8 ஜிபி ராம். மைக் யூஎஸ்பி மைக், தங்கச்சி ஆன்லைன் க்ளாசுக்கு வாங்கினது. யாராவது சொல்லுங்க, சித்தப்பா பொறுமை இழந்துக்கிட்டு இருக்கார்.

மாந்தலே ரீப்பர் வெறியன்

அடாசிட்டிய தூக்கிப் போட்டுட்டு ரீப்பர் போடுங்க ப்ரோ. 60 நாள் சும்மா ட்ரை பண்ணலாம், லைசென்ஸ் 60 டாலர்தான், ஃபைலும் குட்டி, பழைய லேப்டாப்லயும் பறக்கும். ஆசியோ ட்ரைவர் (சத்தத்தை சீக்கிரம் உள்ள வெளிய அனுப்பற ட்ரைவர்) போட்டு பஃபரை, அதாவது ஒரு தடவைக்கு சேத்து அனுப்பற சாம்பிள் எண்ணிக்கையை, 128 வச்சீங்கன்னா லேட்டுங்கற பேச்சே இல்ல.

மொகிங்கா 2000

விண்டோஸ் திரும்பப் போட்டுப் பாருங்க. எனக்கு அப்படித்தான் சரியாச்சு

தாமுவே டோலக்

@மொகிங்கா விண்டோஸ் திரும்பப் போட்டா அம்மாவோட போட்டோ எல்லாம் யாரு எடுத்து வைக்கிறது, அது கடைசி வழி.

@வெறியன் ரீப்பர் திறந்து பாத்தேன் ப்ரோ, பட்டனைப் பாத்தே பயந்துட்டேன். முதல்ல இதுல என்ன தப்புன்னு தெரிஞ்சுக்கணும், இல்லன்னா அங்க போயும் அதே தப்பைத்தான் பண்ணுவேன்.

வியாசர்பாடி காது

தம்பி, நான் சென்னைல ஒரு டப்பிங் தியேட்டர்ல அசிஸ்டெண்ட். எங்க தாத்தா பாட்டி பர்மாவுல இருந்து கப்பல்ல வந்தவங்க, தாமுவேங்கற பேரைப் பாத்ததும் உள்ள வந்துட்டேன். வீட்ல இன்னும் ஞாயித்துக்கிழமைன்னா அத்தோதான், அந்த பர்மா நூடுல்ஸ் :)

சாப்ட்வேர் மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி. 1) அதே நாயன ஃபைல் போன்ல எத்தனை நிமிஷம்னு காட்டுது, அடாசிட்டில எத்தனை நிமிஷம்னு காட்டுது? 2) சித்தப்பா சுருதி நிக்கலன்னு சொன்னாரே, என்ன வார்த்தை சொன்னார்? அப்படியே எழுதுங்க. பாடறவங்க காது பொய் சொல்லாது, அவங்க சொல்ற பாஷைதான் நமக்குப் புரியாது.

தாமுவே டோலக்

அண்ணா, போன்ல 5:20. அடாசிட்டில 5:48. இதை நான் கவனிக்கவே இல்ல!!

சித்தப்பா சொன்னது: "நாயனம் ரெண்டரை கட்டைடா, நான் பக்கத்துல உக்காந்து கேட்டவன். இதுல வர்றது ரெண்டும் இல்ல, ஒன்னரையும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல சந்துல நிக்குது. ஆர்மோனியத்துல இந்த சத்தத்துக்கு கட்டையே கிடையாது."

நான் அவருக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்.

வியாசர்பாடி காது

சித்தப்பா காலைத் தொட்டுக் கும்பிடுங்க தம்பி. அவர் சொன்ன அந்த "சந்து"லயே எல்லாம் இருக்கு.

போன் பெரும்பாலும் செகண்டுக்கு 48000 சாம்பிள்ல, அதாவது ஒரு செகண்ட் சத்தத்தை 48000 துண்டா எடுக்கும். அடாசிட்டி ப்ராஜெக்ட் சாதாரணமா 44100ல இருக்கும். ஒரு செகண்டுக்குன்னு எடுத்த 48000 துண்டை, செகண்டுக்கு 44100 துண்டு கணக்குல ஓட்டினா என்ன ஆகும்? மெதுவா ஓடும், சுருதியும் இறங்கும். பழைய டேப் ரெக்கார்டர்ல பேட்டரி தீர்ந்தா பாட்டு இழுக்குமே, அதே கதை. 48000ஐ 44100ஆல வகுங்க, 1.088 வரும். உங்க 5:20ங்கறது 320 செகண்ட், அதை 1.088ஆல பெருக்கினா 348 செகண்ட், அதாவது 5:48. கச்சிதமா நிக்குதா?

சுருதி எவ்வளவு இறங்கும்னா ஏறக்குறைய ஒன்னரை செமிடோன். அரைக் கட்டைன்னு நாம சொல்றதுதான் ஒரு செமிடோன், ஆர்மோனியத்துல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம். ரெண்டரைல இருந்து ஒரு செமிடோன் இறங்கினா ரெண்டு, ரெண்டு செமிடோன் இறங்கினா ஒன்னரை. ஒன்னரை செமிடோன் இறங்கினா ரெண்டுக்கும் ஒன்னரைக்கும் நட்ட நடுவுல! ஆர்மோனியத்துல அதுக்கு எங்க கட்டை இருக்கு? நான் கால்குலேட்டர் தட்டிக் கண்டுபிடிக்கறதை மனுஷன் காதாலயே சொல்லிட்டார்.

இப்போ கேள்வி, இது எப்படி ஆச்சு? அடாசிட்டி ஃபைலைத் திறக்கும்போது அது 48000னு தெரிஞ்சுதான் திறக்கும், ப்ராஜெக்ட் 44100ஆ இருந்தாலும் ரெண்டையும் கலந்து சரியாத்தான் ஓட்டும், அதுபாட்டுக்கு விட்டா தப்பே வராது. நீங்க எதையோ மாத்தியிருக்கீங்க. ட்ராக் பேர் பக்கத்துல இருக்கற மெனுல "ரேட்"னு ஒன்னு இருக்கும், அதைத் தொட்டீங்களா?

தாமுவே டோலக்

தொட்டேன் :( ஒரு வீடியோல "ப்ராஜெக்ட் ரேட்டும் ட்ராக் ரேட்டும் ஒன்னா இருக்கணும், இல்லன்னா குவாலிட்டி போயிடும்"னு ஒருத்தர் சொன்னார். அந்த மெனுல போய் 48000ஐ 44100ன்னு மாத்தினேன். மாத்தினதும் ஒன்னும் ஆகாத மாதிரிதான் இருந்துச்சு, அதான் மறந்தே போச்சு.

வியாசர்பாடி காது

அதேதான். அந்த மெனு சத்தத்தை மாத்திக் குடுக்காது, "இந்தத் துண்டுகளை இந்த வேகத்துல ஓட்டு"ன்னு லேபிளை மட்டும் மாத்தும். அரிசி மூட்டைல எடையை அழிச்சு வேற எடை எழுதற மாதிரி. நிஜமாவே மாத்தணும்னா ட்ராக்ஸ் மெனுல "ரீசாம்பிள்"னு தனியா இருக்கு, அது கணக்குப் போட்டு புதுத் துண்டுகளா செஞ்சு குடுக்கும், வேகமும் சுருதியும் அப்படியே இருக்கும். உங்களுக்கு அதுவும் வேண்டாம், அந்த ரேட்டை திரும்ப 48000 வைங்க போதும். ப்ராஜெக்டையும் 48000னு வச்சுட்டீங்கன்னா இனிமே எடுக்கற குரல், டோலக் எல்லாம் அதே கணக்குல வரும்.

தாமுவே டோலக்

வச்சேன். 5:20!!! சித்தப்பா ஆர்மோனியத்துல ரெண்டரைல கை வச்சார், ஒட்டிக்கிச்சு. "நான் அப்பவே சொன்னேன்"ங்கறதை இதுவரைக்கும் ஆறு தடவை சொல்லிட்டார், அத்தை எண்ணிக்கிட்டு இருக்காங்க.

ஆனா குரல் லேட்டா வர்றது அப்படியேதான் இருக்கு. சுருதி சரியானா இதுவும் சரியாகும்னு நெனச்சேன். ஒவ்வொரு வரியையும் கையால இழுத்து இழுத்து முன்னாடி வச்சுப் பாத்தேன், பல்லவிக்கு சரியாச்சு, சரணத்துக்கு வரும்போது என் கண்ணு போச்சு.

மாந்தலே ரீப்பர் வெறியன்

நான் முதல்லயே சொன்னேன் பஃபர்னு. 44100ல 1024 பஃபர்னா 23 மில்லிசெகண்ட், 256னா 6 மில்லிசெகண்ட் கூட இல்ல. குறைங்க.

பெகு சவுண்டுசெட்

தம்பிங்களா வணக்கம். நான் பெகுல மைக்செட் வாடகைக்கு விடறவன், 30 வருஷமா கல்யாணம், காதுகுத்து, தீமிதி எல்லாம் பாத்தாச்சு. கம்ப்யூட்டர் எனக்கு லேட்டாத்தான் பழக்கம்.

23 மில்லிசெகண்டை எல்லாம் கையால இழுத்து வைக்க மாட்டாங்க வெறியன் தம்பி, அவ்வளவு சின்னது மத்தவங்க காதுல நிக்காது. டோலக் தம்பி இழுத்து வைக்கற அளவுக்குன்னா ஏதோ பெரிசா இருக்கு. டோலக் தம்பி, சித்தப்பா நாயனத்தை எதுல கேட்டுக்கிட்டுப் பாடறார்? என்ன ஹெட்போன்?

தாமுவே டோலக்

ஐயா, என்னோட ப்ளூடூத் இயர்போன். ஒயர் இல்லாததால அவருக்கு வசதியா இருக்குன்னார்.

பெகு சவுண்டுசெட்

அடப்பாவி

வியாசர்பாடி காது

ஹாஹா. மன்னிச்சுக்கோங்க. ரெண்டு பக்கம் கணக்குப் போட்டேன், இதை முதல்ல கேக்காம விட்டுட்டேன், தப்பு என் மேல.

பெகு சவுண்டுசெட்

தம்பி, ப்ளூடூத்துங்கறது சத்தத்தை மூட்டை கட்டி காத்துல அனுப்பி அந்தப் பக்கம் அவுத்து காதுல விடுது. கட்டறதுக்கும் அவுக்கறதுக்கும் நேரமாகும், கால் செகண்ட் வரைக்கும் கூட போகும். பாட்டு கேக்கறதுக்கு அது ஒன்னும் தெரியாது, சினிமா பாக்கும்போது ப்ளேயரே படத்தை நிறுத்தி வச்சு சரிக்கட்டிடும். கூடப் பாடணும்னா செத்தோம். லேப்டாப் ஏற்கனவே வாசிச்சு முடிச்ச நாயனத்தை சித்தப்பா இப்பத்தான் கேக்கறார், கேட்டு பாடறார், மைக் உடனே எடுத்துக்குது. அவர் தாளம் தப்பல, அவருக்கு நாயனமே தாமதமாத்தான் போய்ச் சேந்திருக்கு.

ஒயர் வச்ச ஹெட்போன் வாங்கு. தெருவுல விக்கற மட்டமானது கூட இதுக்கு ப்ளூடூத்தை விட நல்லது. காதை முழுசா மூடறதா பாரு, இல்லன்னா நாயனம் வெளிய கசிஞ்சு மைக்ல திரும்ப விழும்.

இன்னொன்னும் பாத்துக்கோ. ப்ளூடூத் இயர்போன்ல இருக்கற மைக்கை தெரியாம செலக்ட் பண்ணிட்டா லேப்டாப் அதை போன் பேசற மாதிரி ஆக்கிடும், நாயனம் டெலிபோன்ல கேக்கற மாதிரி ஆயிடும்.

தாமுவே டோலக்

ஐயா சொன்ன மாதிரி ஒயர் ஹெட்போன் வாங்கினேன். 90 சதவீதம் சரியாச்சு! ஆனா இன்னும் ஒரு துளி, ஒரே ஒரு துளி பின்னாடி. நான் டோலக் வாசிச்சா நல்லா தெரியுது, என் அடி எல்லாம் சோம்பேறி அடி மாதிரி விழுது.

வியாசர்பாடி காது

அது அளந்து சரி பண்றது, சுலபம். இன்னைக்கே முடிச்சிடலாம்.

ஆடியோ செட்டிங்ஸ்ல லேட்டன்சி காம்பென்சேஷன்னு (தாமதத்தைச் சரிக்கட்டறது) ஒரு கட்டம் இருக்கும், சாப்ட்வேர் போட்டதும் மைனஸ் 130 மில்லிசெகண்ட்னு இருக்கும். அது ஒரு பொதுவான ஊகம், உங்க மெஷினுக்கு அளந்து வச்சது கிடையாது. அதை 0 ஆக்குங்க. புது ப்ராஜெக்ட் திறந்து ஜெனரேட் மெனுல ரிதம் ட்ராக் போடுங்க, டிக் டிக்னு வரும். ஹெட்போனைக் கழட்டி மைக் வாயிலயே ஒட்ட வச்சுப் பிடிங்க, சத்தம் போடாம, ஷிஃப்டை அமுக்கிக்கிட்டே ரெக்கார்ட் அமுக்குங்க, அப்பத்தான் புது ட்ராக்ல விழும். இப்போ ரெண்டு ட்ராக் இருக்கும், மேல அசல் டிக், கீழ மைக்ல விழுந்த டிக். நல்லா ஜூம் பண்ணி மேல டிக் கிளம்பற இடத்துல இருந்து கீழ டிக் கிளம்பற இடம் வரைக்கும் மவுசால இழுத்து எவ்வளவுன்னு கீழ படிங்க. எத்தனை மில்லிசெகண்ட் வருதோ அதை மைனஸ் போட்டு அந்தக் கட்டத்துல எழுதுங்க. திரும்ப ஒரு தடவை எடுத்துப் பாருங்க, ரெண்டு டிக்கும் ஒன்னு மேல ஒன்னு உக்காரணும்.

தாமுவே டோலக்

187 வந்துச்சு. மைனஸ் 187 எழுதினேன். உக்காந்துடுச்சு!! அப்போ இவ்வளவு நாளும் 57 மில்லிசெகண்ட் பின்னாடி இருந்திருக்கு.

ஆனா இன்னொரு விசித்திரம் அண்ணா, பாட்டு ஆரம்பத்துல கச்சிதமா இருக்கு, அஞ்சாவது நிமிஷத்துல மயிரிழை நகர்ந்த மாதிரி இருக்கு. சித்தப்பா ஒன்னுமில்லங்கறார், எனக்குத்தான் உறுத்துது. பைத்தியம் பிடிக்குதா எனக்கு?

வியாசர்பாடி காது

இல்ல, உங்களுக்கும் சித்தப்பா காது வந்துக்கிட்டு இருக்கு. மைக் யூஎஸ்பில இருக்கு, அதுக்குள்ள ஒரு கடிகாரம். ஹெட்போன் லேப்டாப் ஓட்டைல இருக்கு, அதுக்கு வேற கடிகாரம். ரெண்டும் ஒரே வேகம்னு எழுதியிருந்தாலும் பத்து லட்சத்துல ஐம்பது பங்கு வித்தியாசம் சாதாரணமா இருக்கும், அஞ்சு நிமிஷத்துல அது 15 மில்லிசெகண்டா சேந்துடும். உங்க மைக் அடியில ஹெட்போன் ஓட்டை இருக்கான்னு பாருங்க, நிறைய யூஎஸ்பி மைக்ல இருக்கும். அதுல குத்தி, ப்ளேபேக்கையும் அந்த மைக்கையே செலக்ட் பண்ணுங்க. எடுக்கறதும் கேக்கறதும் ஒரே கடிகாரத்துல ஓடும். அப்படி மாத்தினா அந்த டிக் அளவை மட்டும் மறுபடி எடுத்துக்கோங்க, நம்பர் மாறும்.

தாமுவே டோலக்

இருக்கு! ரப்பர் மூடிக்குள்ள ஒளிஞ்சிருக்கு, ரெண்டு வருஷமா வீட்ல ஒருத்தருக்கும் தெரியல.

ஞாயிறு வகுப்பு டீச்சர்

ஆம்பளைங்க எல்லாம் நம்பரா பேசிட்டு இருக்கீங்க, நான் ஒரு விஷயம் சொல்றேன். நானும் யாங்கோன்தான், தமிழ் வகுப்புப் பிள்ளைங்களுக்கு திருப்பாவையும் ஆத்திசூடியும் சொல்லிக் குடுத்து ரெக்கார்டிங் பண்றேன். நம்ம ஊரு வீடு நீள ரயில் பெட்டி மாதிரி, வெறும் சிமெண்ட் சுவர், குரல் போய் முட்டி திரும்பி வரும். கொசுவலைக் கம்பில நாலு பக்கமும் போர்வையைத் தொங்க விட்டு உள்ள உக்காந்து பாடச் சொல்லுங்க தம்பி. பாக்க கோமாளித்தனமா இருக்கும், ரெக்கார்டிங்ல குரல் பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி வரும். ஃபேனை நிறுத்தணும், சித்தப்பாவுக்கு ஒரு துண்டு குடுங்க.

நேரமும் முக்கியம். சாயங்காலம் வேண்டவே வேண்டாம், காக்கா கூட்டம் மரத்துக்குத் திரும்பற நேரம், என் ஆத்திசூடில "அறம் செய விரும்பு"க்கு அப்புறம் காக்காதான் பதில் சொல்லுது. காலைல அஞ்சரைக்கு மேல மொகிங்காக்காரம்மா (மீன் குழம்பு நூடுல்ஸ் விக்கறவங்க) கூவிட்டு வருவாங்க. நான் எடுக்கறது நாலு மணிக்கு.

மொகிங்கா 2000

என்னைக் கூப்பிட்டீங்களா அக்கா

தாமுவே டோலக்

அக்கா நாலு மணிக்கு சித்தப்பா ரெடி, நான்தான் எழுந்திரிக்கணும். ஆனா அந்த நேரத்துல எங்க தெருவுல கரண்ட் இருக்காது, இன்வெர்ட்டர்தான், அப்போ அந்த "ங்ங்ங்" வரும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு எடுத்தேன், சத்தம் போச்சு, கூடவே சித்தப்பாவும் தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி ஆயிட்டார்.

பெகு சவுண்டுசெட்

அழுக்கு பட்டப்புறம் துவைக்காதே தம்பி, அழுக்கு படாம பாத்துக்கோ. மட்டமான இன்வெர்ட்டர் கரண்டை அலையா குடுக்காது, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி குடுக்கும். பல்பு, ஃபேன் எல்லாம் ஓடும், சார்ஜர் வழியா லேப்டாப்புக்குள்ள போனா மைக்ல உறுமும். ஒழுங்கான லைன் கரண்ட்லயும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரலாம், பழைய கட்டடத்துல ரெண்டு முள்ளு ப்ளக்குதான், எர்த்து எங்க இருக்கு?

சோதனை: சத்தம் வரும்போதே சார்ஜரைப் பிடுங்கு. நின்னுச்சா?

தாமுவே டோலக்

நின்னுச்சு ஐயா. சுத்தமா நின்னுச்சு. ஆனா பேட்டரி 40 நிமிஷம்தான் தாங்கும்.

பெகு சவுண்டுசெட்

40 நிமிஷத்துல அஞ்சு நிமிஷப் பாட்டை எத்தனை தடவை பாடலாம். சித்தப்பாவை ஆறு தடவைக்கு மேல பாட வைக்காதே, ரெண்டாவது தடவையோ மூணாவது தடவையோதான் நல்லா இருக்கும், எனக்குத் தெரியும். முந்தின ராத்திரி கரண்ட் இருக்கும்போதே முழுசா சார்ஜ் ஏத்தி வை. ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறை, வைஃபையை நிறுத்து. ப்ராஜெக்டை பென் ட்ரைவ்ல வச்சு ரெக்கார்டிங் பண்ணாதே, லேப்டாப்லயே வை, முடிச்சப்புறம் காப்பி எடு.

அளவும் பாரு. மீட்டர்ல சித்தப்பா உச்சத்துல பாடும்போது மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6க்கும் நடுவுல நின்னா போதும். சிவப்பைத் தொட்டா கிழிஞ்ச சத்தம், அதை எந்தச் சாப்ட்வேரும் தைக்காது. காவடிப்பாட்டுக்காரங்க ஒத்திகைல மெதுவா பாடுவாங்க, நெஜத்துல "வேல் வேல்"னு எடுக்கும்போது ரெண்டு மடங்கு வரும், அதுக்கு இடம் விட்டு வை.

மாந்தலே ரீப்பர் வெறியன்

சரி சரி நான் தோத்தேன். ஆனா மிக்ஸிங்குக்கு வரும்போது ரீப்பரைத் திறந்து பாருங்க ப்ரோ, ஒவ்வொரு ட்ராக்கையும் வேவா (சத்தத்தைச் சுருக்காத ஃபைல்) எடுத்து அனுப்பினா நானே போட்டுத் தர்றேன். எம்பித்ரீயா அனுப்பாதீங்க, அது தலையில கொஞ்சம் வெத்து இடம் சேத்துடும், மறுபடி தாளம் நகரும். மூணு ட்ராக்கும் ஒரே இடத்துல ஆரம்பிக்கற மாதிரி எடுங்க.

தாமுவே டோலக்

நேத்து விடியக்காலை எடுத்தாச்சு. போர்வைக் கூடாரத்துக்குள்ள சித்தப்பா, வெளிய தரையில நான். மூணாவது தடவைதான் (பெகு ஐயா சொன்ன மாதிரியே). கடைசிச் சரணத்துல கண்ணை மூடிக்கிட்டு மேல போனார், மீட்டர் மைனஸ் 5ஐ தொட்டுச்சு, நான் மூச்சை விடல. முடிச்சதும் போர்வையை விலக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்து முதல்ல கேட்டது "சுருதி சந்துல போகலியே?"

டோலக் இன்னைக்கு மத்தியானம். வெறியன் ப்ரோ, மூணு வேவும் அனுப்பறேன்.

பெகு சவுண்டுசெட்

நல்லது. உத்திரத்தன்னைக்கு நான் யாங்கோன் வர்றேன், கோயில்ல கொம்பு ஸ்பீக்கர் நம்மளோடதுதான். மிக்ஸிங் ஆனப்புறம் எனக்கு ஒரு காப்பி 44100, 16 பிட் வேவ்ல குடு, என் ப்ளேயர் பழசு, 48000ஐக் கண்டா முழிக்கும். இந்தத் தடவை ரீசாம்பிள்ல போய் மாத்து, அந்த ரேட்டைத் தொட்டே கையை உடைப்பேன். பென் ட்ரைவை ஃபேட்32ல ஃபார்மட் பண்ணிக் கொண்டா. கொம்பு ஸ்பீக்கர்ல அடிச்சத்தம் வராது, அதனால டோலக் இடது கை கேக்கலன்னு அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வராதே.

தாமுவே டோலக்

இடது கை கேக்காதா?? ஐயா அதுக்கு என்ன பண்றது